இயங்குதளத்தையும் இன்டர்பிரட்டரையும் கண்டறியும் நிரலைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கணினியில் ஓடுகிறோம், எந்தப் பைத்தான் இன்டர்பிரட்டர் (நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள்) நம்மை இயக்குகிறது என்று பார்த்து அதற்கேற்ப வழி மாறும் வரிகள் பெரிய திட்டங்களில் எப்படியும் இருக்கும். நிறுவும் கருவிகள், பிழை அறிக்கையில் கணினி விவரம் சேர்க்கும் பகுதிகள், சர்வரிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கிளையன்ட் லைப்ரரிகள் என்று பல இடங்களில் இவற்றைப் பார்க்கலாம். இவற்றுக்கு அலகுச் சோதனை (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சோதிப்பது) எழுத உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. எடுத்துக்காட்டுகள் பைத்தானில் இருந்தாலும், அடிப்படைச் சிக்கல் எந்த மொழியிலும் இதுவேதான்.

இந்த நிரலைச் சோதிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

மற்ற ஃபங்ஷன்களுக்கு உள்ளீட்டை நாம் கொடுக்கிறோம். இதற்கு உள்ளீடு அந்தக் கணினியேதான். லினக்ஸில் வேலை செய்பவர் ஓட்டும் சோதனை லினக்ஸ் கிளையை மட்டுமே தொடும். விண்டோஸ் கிளையில் ஒரு மாறியின் பெயர் தவறாக இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் பயனராகத்தான் இருப்பார்.

சரி, சோதனையின்போது ஒரு பொய் மதிப்பை ஊட்டிவிடலாம் என்றால் அடுத்த சிக்கல் வருகிறது. ‘விண்டோஸில் இப்படித்தான் வரும்’ என்ற நம்பிக்கையை நிரலில் எழுதுகிறோம்; அதே நம்பிக்கையைச் சோதனையிலும் எழுதுகிறோம்; இரண்டும் ஒத்துப்போகின்றன. சோதனை பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் உண்மையான விண்டோஸ் என்ன சொல்லும் என்பதை நிரலும் கேட்கவில்லை, சோதனையும் கேட்கவில்லை. ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஊட்டுகிற மதிப்பு உண்மையான கணினியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

சிஸ்.பிளாட்ஃபார்ம், ஓஎஸ்.நேம், பிளாட்ஃபார்ம்.சிஸ்டம்: எதைப் பயன்படுத்துவது?

பைத்தானில் தளத்தின் பெயரைத் தரும் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஓஎஸ்.நேம் மிக அகலமான பிரிவைச் சொல்கிறது: லினக்ஸுக்கும் மேக்ஓஎஸுக்கும் ‘போசிக்ஸ்’, விண்டோஸுக்கு ‘என்டி’. சிஸ்.பிளாட்ஃபார்ம், அந்த இன்டர்பிரட்டர் எந்தத் தளத்துக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது: லினக்ஸில் ‘லினக்ஸ்’, மேக்ஓஎஸில் ‘டார்வின்’, விண்டோஸில் ‘வின்32’. 64 பிட் விண்டோஸிலும் அது ‘வின்32’ தான். அந்த 32ஐப் பார்த்து பிட் அளவை முடிவு செய்யக் கூடாது. பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் ஓடும் நேரத்தில் கேட்டுச் சொல்கிறது. அதில் முதல் எழுத்து பெரிய எழுத்தாக வரும், விண்டோஸின் பெயரும் முழுதாக வரும். ஒன்றிலிருந்து எடுத்த மதிப்பை மற்றொன்றோடு ஒப்பிடும் நிரல் ஒருபோதும் உண்மை என்று சொல்லாது. அதற்கான சோதனையில் கற்பனை மதிப்பை ஊட்டியிருந்தால் அந்தத் தவறு தெரியவே தெரியாது.

இங்கே ஒரு பழைய கண்ணி இருக்கிறது. விண்டோஸா என்று பார்க்க, சிஸ்.பிளாட்ஃபார்முக்குள் ‘வின்’ என்ற துண்டு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ‘வின்32’இல் இருக்கிறது, ‘லினக்ஸ்’இல் இல்லை. சோதனையில் இந்த இரண்டு மதிப்பை மட்டும் கொடுத்தால் எல்லாம் சரி. ஆனால் ‘டார்வின்’ என்பதன் வாலிலும் ‘வின்’ இருக்கிறது, ‘சிக்வின்’ என்பதிலும் இருக்கிறது. மேக் பயனர்கள் அனைவரையும் விண்டோஸ் பயனர்களாக எண்ணும் நிரல் இப்படித்தான் பிறக்கிறது. இதைப் பிடிக்கச் சோதனையின் மதிப்புப் பட்டியலில் ‘டார்வின்’ என்ற ஒரு வரி போதும்.

பதிப்புக்குப் பதிப்பு மாறுவதையும் மனத்தில் வைக்க வேண்டும். பைத்தான் 3.3க்கு முன்பு லினக்ஸில் ‘லினக்ஸ்2’ என்று வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் நெடுங்காலம் பதிப்பெண் ஒட்டியே வந்தது. ஆண்ட்ராய்டு 3.13இல்தான் தனிப் பெயர் பெற்றது. அதற்கு முன் அங்கும் ‘லினக்ஸ்’ என்றே வரும்.

இயங்குதளத்தைக் கண்டறியவே வேண்டுமா? வேறு வழி இல்லையா?

பல இடங்களில் வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை ஃபோர்க் (ஓடும் நிரலின் நகலை உருவாக்குவது) என்றால், ஓஎஸ் மாட்யூலில் ஃபோர்க் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். ஒரு கட்டளை தேவை என்றால் அது பாதையில் கிடைக்கிறதா என்று ஷட்டில்.விச் கொண்டு தேடுங்கள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி வேண்டுமென்றால் வின்ரெக்கை இம்போர்ட் செய்து பாருங்கள். ‘யார் நீ’ என்று கேட்டு, அவரால் என்ன முடியும் என்று ஊகிப்பதைவிட ‘உன்னால் இது முடியுமா’ என்று கேட்பது நேரானது. சோதனைக்கும் எளிது: அந்த ஒரு வசதி இருக்கும் நிலை, இல்லாத நிலை என்று இரண்டே கிளைகள்.

கண்டறிவது தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. அமைப்புக் கோப்பை எங்கே வைப்பது என்பது அந்தந்தத் தளத்தின் மரபு. வசதியைக் கேட்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது. எந்த நிறுவல் கோப்பைத் தரவிறக்குவது என்பதும் அப்படித்தான்.

சோதிக்க எளிதாக இருக்க நிரலை எப்படி அமைப்பது?

கணினியைக் கேட்கும் பகுதியையும், கேட்டதை வைத்து முடிவெடுக்கும் பகுதியையும் பிரித்துவிடுங்கள். கேட்கும் பகுதி ஒரே இடத்தில், ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும். அது தளத்தின் பெயர், பதிப்பு, சிபியூ வகை, இன்டர்பிரட்டரின் பெயரும் பதிப்பும், சூழல் மாறிகளின் ஒரு நகல் ஆகியவற்றைத் திரட்டி ஒரு சிறு டேட்டாகிளாஸாக, அதாவது பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பாக, தர வேண்டும். அதில் ‘இப்படியானால் அப்படி’ என்ற கிளை எதுவும் வேண்டாம். முடிவெடுக்கும் ஃபங்ஷன்கள் அந்த டேட்டாகிளாஸை வாங்கிக்கொண்டு பதில் சொல்லட்டும். அவை சிஸ் மாட்யூலைத் திரும்பிப் பார்க்கவே கூடாது.

அமைப்புக் கோப்பின் இடத்தையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் ஆப்டேட்டா என்ற சூழல் மாறி காட்டும் இடம். மேக்கில் பயனரின் வீட்டு அடைவுக்குள் லைப்ரரி, அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். லினக்ஸில் எக்ஸ்டிஜி விதி (அடைவுகளை எங்கே வைப்பது என்ற பொது மரபு): கான்ஃபிக்_ஹோம் மாறி இருந்தால் அது, இல்லையென்றால் வீட்டு அடைவுக்குள் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் அடைவு. இந்த முடிவை ஒரு ஃபங்ஷனாக எழுதி, தளத்தின் பெயர், சூழல் மாறிகளின் டிக்‌ஷனரி, வீட்டு அடைவு மூன்றையும் வெளியிலிருந்து கொடுத்தால் ஒரே லினக்ஸ் கணினியில் மூன்று தளங்களின் கிளைகளையும் சோதிக்கலாம். மாக் (சோதனைக்காக உண்மையானதன் இடத்தில் வைக்கும் போலி) எதுவும் தேவையில்லை.

உள்ளீடு நம் கையில் வந்ததும் சோதிக்க வேண்டிய மூலைகள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கும். எக்ஸ்டிஜி மாறி இருக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறது, அப்போது? விதிப்படி அது இல்லாததற்குச் சமம். முழுப் பாதையாக இல்லாமல் சார்புப் பாதையாக இருக்கிறது. விதி அதைப் புறக்கணிக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் கவனிக்காத நிரல்கள் ஏராளம். கணினியைப் பொய் சொல்ல வைப்பதிலேயே உழைப்பு போய்விடும்போது, இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

பாதைகளைச் சேர்ப்பதற்கு, பாதைகளைக் கையாளும் பாத்லிப் மாட்யூலின் ‘பியூர்’ வகைகளைப் பயன்படுத்துங்கள். பியூர் விண்டோஸ் பாத் லினக்ஸிலும் வேலை செய்யும், ஏனென்றால் அது வட்டைத் தொடுவதில்லை. என்டிபாத், போசிக்ஸ்பாத் என்ற இரண்டு மாட்யூல்களையும் எந்தத் தளத்திலும் இம்போர்ட் செய்ய முடியும்.

அதற்கு அவசியமில்லை, சிஸ்.பிளாட்ஃபார்மையே சோதனைக்குள் மாற்றிவிடுகிறேன். என்ன கெட்டுவிடும்?

சிஸ் மாட்யூல் உங்கள் நிரலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதை மாற்றினால் அந்த நேரத்தில் அதைப் பார்க்கும் எல்லா லைப்ரரிகளுக்கும் மாறுகிறது. ‘என் மாட்யூலுக்குள் இருக்கும் சிஸ்’ என்று பாதை கொடுத்து பேட்ச் செய்தாலும் (சோதனை முடியும் வரை தற்காலிகமாக மாற்றினாலும்) நிலைமை அதுவே. அங்கே இருப்பதும் அதே ஒரு பொருள்தான்.

ஓஎஸ்.நேமை மாற்றுவது இன்னும் ஆபத்தானது. லினக்ஸில் ஓடும் சோதனையில் அதை ‘என்டி’ என்று மாற்றிவிட்டு, பாத்லிப்பில் ஒரு பாதையை உருவாக்கிப் பாருங்கள். பாத்லிப் அந்தப் பெயரைப் பார்த்து விண்டோஸ் பாதை வகையைத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தான் 3.11 வரையிலான பதிப்புகளில், தேர்ந்தெடுத்த கையோடு ‘இந்தக் கணினியில் விண்டோஸ் பாதையை உருவாக்க முடியாது’ என்று பிழை எழுப்பும். புதிய பதிப்புகளில் பிழை எழாமலே தவறான வகைப் பாதை கையில் வரக்கூடும். அது அதைவிட மோசம். சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டும் உள்ளுக்குள் பாத்லிப்பைப் பயன்படுத்துகிறது. ஆகவே உங்கள் சோதனை தோற்கும்போது, தோல்வியை அறிவிக்க முயலும் பைடெஸ்டே விழுந்துவிடும். திரையில் நீளமான பிழைத் தொடர் ஓடும். அதில் உங்கள் நிரலின் பெயரே இருக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றம் உயிரோடு இருக்கும் நேரத்தைக் குறுக்குங்கள். பைடெஸ்டின் மங்கிபேட்ச் தரும் கான்டெக்ஸ்ட்டுக்குள் மாற்றி, சோதிக்கும் ஃபங்ஷனை மட்டும் அங்கே அழைத்து, விடையை ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு ஒப்பிடுங்கள். அல்லது உங்கள் மாட்யூலில் உள்ள ‘சிஸ்’ என்ற பெயரையே ஒரு போலிப் பொருளுக்கு மாற்றுங்கள். அப்போது உண்மையான சிஸ் தொடப்படாமல் இருக்கும்.

பேட்ச் செய்தேன், ஆனால் நிரல் பழைய மதிப்பையே காட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் மதிப்பு ஏற்கெனவே எங்கோ உறைந்துவிட்டது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, மாட்யூலின் தலையில் ‘விண்டோஸா’ என்று ஒரு மாறிலியை வைத்திருப்பீர்கள். அது இம்போர்ட் நடந்த நேரத்தில் ஒருமுறை கணக்கிடப்பட்டு முடிந்துவிட்டது. சிஸ்.பிளாட்ஃபார்மைப் பிறகு மாற்றினால் அதற்குத் தெரியாது. அந்த மாறிலியையே பேட்ச் செய்யலாம். ஃபங்ஷனாக மாற்றுவது அதைவிட நல்லது. மாட்யூலை மறுபடி ரீலோட் செய்யும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ரீலோடுக்குப் பிறகு அதே பெயரில் புதிய கிளாஸ்கள் உருவாகும். பழைய கிளாஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேறு சோதனைகளில் இன்ஸ்டன்ஸ் சரிபார்ப்புகள் காரணம் தெரியாமல் தோற்கும்.

இரண்டாவது, சிஸ்ஸிலிருந்து பிளாட்ஃபார்ம் என்ற பெயரை மட்டும் நேரடியாக இம்போர்ட் செய்திருப்பீர்கள். அப்போது உங்கள் மாட்யூலில் இருப்பது தனிப் பெயர். பெயர் எங்கே பயன்படுகிறதோ அங்கே பேட்ச் செய்ய வேண்டும். பிறந்த இடத்தில் செய்து பயனில்லை.

மூன்றாவது, கேச், அதாவது ஒருமுறை கண்ட விடையைச் சேமித்து வைப்பது. கண்டறியும் ஃபங்ஷன் மேல் எல்ஆர்யூ கேச் போட்டிருந்தால் முதல் சோதனையின் விடை கடைசிச் சோதனை வரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் கேச்சைத் துடைக்கும் ஃபிக்ஸ்சர் (சோதனையைச் சுற்றி ஓடும் துணை ஃபங்ஷன்) ஒன்று தேவை. பைத்தானின் பிளாட்ஃபார்ம் மாட்யூலும் யூநேம் விடையைத் தனக்குள் சேமித்து வைக்கிறது. ஓஎஸ்.யூநேமை மாற்றிவிட்டு பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் மாறவில்லையே என்று தவிப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். அந்தக் கேச்சைத் துடைக்கவென்றே 3.14இல் ஒரு ஃபங்ஷன் சேர்க்கப்பட்டது. பழைய பதிப்புகளில் பிளாட்ஃபார்ம்.சிஸ்டத்தையே பேட்ச் செய்வது எளிது.

விண்டோஸில் மட்டும் இருக்கும் ஃபங்ஷனை லினக்ஸில் எப்படி மாக் செய்வது?

சிஸ்.கெட்விண்டோஸ்வெர்ஷன் லினக்ஸில் இல்லை, ஓஎஸ்.யூநேம் விண்டோஸில் இல்லை. இல்லாததை பேட்ச் செய்யப்போனால் ஆட்ரிபியூட் பிழை வரும். யூனிட்டெஸ்ட்.மாக்கில் ‘கிரியேட்’ என்பதையும், மங்கிபேட்சில் ‘ரெய்சிங்’ என்பதை ‘இல்லை’ என்றும் கொடுத்தால் தடை விலகும். ஆனால் அந்தத் தடை எழுத்துப்பிழையைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதை விலக்கும் சோதனையில் ஃபங்ஷனின் பெயரைத் தவறாக எழுதினாலும் சோதனை தேறிவிடும். எனவே அதே வழியை உண்மையான விண்டோஸில் தொடும் சோதனை ஒன்றாவது உடன் இருக்க வேண்டும்.

பைத்தான் பதிப்பைப் பார்க்கும் நிரலில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதிப்பைச் சரமாக ஒப்பிடும் நிரலை முதலில் தேடிப் பிடியுங்கள். சிஸ்.வெர்ஷனின் முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுக்கும் வழக்கம் 3.9 வரை வேலை செய்தது. 2021 அக்டோபரில் 3.10 வந்ததும் அந்த மூன்று எழுத்து ‘3.1’ ஆகிவிட்டது. முழுச் சரத்தை ஒப்பிட்டாலும் ‘3.10’ அகர வரிசையில் ‘3.9’க்கு முன்னால் வரும். ஆகவே பதிப்பைத் தொடும் எந்தச் சோதனையிலும் இரண்டு இலக்க மைனர் எண் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சரியான வழி, சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவை எண்களின் டியூப்பிளோடு ஒப்பிடுவது.

அதை மாக் செய்யும்போது இன்னொரு சிக்கல். வெறும் டியூப்பிளை, (3, 8) என்று, அந்த இடத்தில் வைத்தால் ஒப்பீடுகள் சரியாக நடக்கும். ஆனால் நிரலில் எங்காவது மேஜர், மைனர் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் சோதனை உடைந்துபோகும். உண்மையான வெர்ஷன்_இன்ஃபோ வகையிலிருந்து புதிய பொருளை உருவாக்கவும் பைத்தான் விடாது. ஐந்து பெயர்கள் கொண்ட நேம்டு டியூப்பிள் ஒன்றைச் சோதனைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: மேஜர், மைனர், மைக்ரோ, ரிலீஸ்லெவல், சீரியல். ரிலீஸ்லெவலை மறக்காதீர்கள், ஆல்ஃபா, பீட்டா பதிப்புகளில் ஓட்டுபவர்களின் பிழை அறிக்கைகள் அதில்தான் வேறுபடும்.

சிபைத்தானா (வழக்கமான பைத்தான் இன்டர்பிரட்டர்), பைபையா (அதற்கு மாற்றான இன்னொன்று) என்பது வேறு கேள்வி. சிஸ்.இம்ப்ளிமென்டேஷனில் உள்ள பெயர் சிறிய எழுத்துகளில் வரும்; பிளாட்ஃபார்ம் மாட்யூலின் பைத்தான்_இம்ப்ளிமென்டேஷன் பெரிய எழுத்துகள் கலந்து தரும். பைபையில் வெர்ஷன்_இன்ஃபோ சொல்வது அது பின்பற்றும் பைத்தான் மொழியின் பதிப்பை. பைபையின் சொந்தப் பதிப்பு பைபை_வெர்ஷன்_இன்ஃபோ என்ற தனி இடத்தில் இருக்கும். பிழை அறிக்கை எழுதும் நிரல் இரண்டையும் குழப்பினால், அந்த அறிக்கையைப் படிப்பவர் இல்லாத ஒரு பதிப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

சிபியூ வகையைக் கண்டறிவதில்?

ஒரே சிபியூவுக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பெயர் சொல்லும். பிளாட்ஃபார்ம்.மெஷின் 64 பிட் இன்டெல் கணினியில் லினக்ஸிலும் மேக்கிலும் ‘எக்ஸ்86_64’ என்கிறது; விண்டோஸில் ‘ஏஎம்டி64’. ஆர்ம் சிபியூவில் லினக்ஸ் ‘ஆர்ச்64’ என்று ஓர் ஏ முன்னால் சேர்த்தும், மேக் ‘ஆர்ம்64’ என்றும் சொல்கின்றன. இவற்றை ஒரே பெயருக்குக் கொண்டுவரும் சிறு அட்டவணையையும், தெரியாத பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சோதியுங்கள். 64 பிட் கணினியில் 32 பிட் பைத்தான் ஓடலாம் என்பதால், இன்டர்பிரட்டரின் அளவை அறிய சிஸ்.மேக்ஸ்சைஸ் 2இன் 32ஆம் அடுக்கைவிடப் பெரிதா என்று பார்ப்பதே நம்பகமானது.

லினக்ஸ் வழங்கலின் (உபுண்டு, டெபியன் போன்றவை) பெயரை எப்படிக் கண்டறிந்து சோதிப்பது?

பைத்தானில் முன்பு லினக்ஸ்_டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபங்ஷன் இருந்தது, 3.8இல் நீக்கிவிட்டார்கள். 3.10 முதல் ஃப்ரீடெஸ்க்டாப்_ஓஎஸ்_ரிலீஸ் இருக்கிறது. அது படிப்பது ஈடிசி அடைவில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பை. அங்கே இல்லையென்றால் யூஎஸ்ஆர் அடைவின் லிப்புக்குள் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் ஓஎஸ் பிழை எழுப்பும். கடைசி நிலைக்குச் சோதனை வேண்டும், ஏனென்றால் மிகச் சிறிய கன்டெய்னர் படிமங்களில் (நிரலை அதன் சூழலோடு சேர்த்துக் கட்டிய பொதிகளில்) இந்தக் கோப்பு இல்லாமலே போகலாம்.

இந்தக் கோப்பைச் சோதனைத் தரவாக வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஏனென்றால் இது வெறும் உரை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆல்பைன், ஆர்ச் ஆகியவற்றிலிருந்து கோப்பை அப்படியே நகலெடுத்து, சோதனை அடைவில் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வையுங்கள். பகுக்கும் ஃபங்ஷன் கோப்பின் பாதையையோ உரையையோ வாங்கிக்கொள்ளும்படி இருக்கட்டும். உண்மைக் கோப்புகளில் இருக்கும் வேறுபாடுகளைக் கற்பனையால் எழுத முடியாது. உபுண்டுவில் ஐடிக்கு மேற்கோள் குறி இல்லை, வெர்ஷன்_ஐடிக்கு இருக்கிறது. ஆர்ச்சில் வெர்ஷன்_ஐடி என்ற வரியே இல்லை. தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வழங்கலுக்குப் பதிப்பெண் எதற்கு? டெபியனின் ‘டெஸ்டிங்’ கிளையிலும் அது பெரும்பாலும் இருக்காது. ‘பதிப்பெண் எப்போதும் இருக்கும்’ என்று எண்ணி எழுதிய நிரல் இந்த இரண்டிலும் கீ பிழையோடு நின்றுவிடும்.

ஐடி_லைக் என்ற வரியையும் கவனியுங்கள். லினக்ஸ் மின்ட்டில் அது ‘உபுண்டு டெபியன்’ என்று இடைவெளி விட்ட இரண்டு சொற்களாக வரும். முழு மதிப்பையும் ‘டெபியன்’ என்பதோடு சமமா என்று பார்த்தால் பொருந்தாது. பிரித்துப் பார்க்க வேண்டும். பதிப்பெண்ணைத் தசம எண்ணாக மாற்றவும் கூடாது: உபுண்டு 22.10 உங்களிடம் 22.1 ஆகிவிடும்.

கணினியே தவறான தகவல் தந்தால்?

தரும். ஒவ்வொன்றுக்கும் காரணமும் உண்டு.

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ரொசெட்டா (இன்டெல் நிரல்களை ஆர்ம் சிபியூவில் ஓட்ட உதவும் மொழிபெயர்ப்பான்) வழியாக இன்டெல் பைத்தான் ஓடினால் பிளாட்ஃபார்ம்.மெஷின் ‘எக்ஸ்86_64’ என்றே சொல்லும். மேக்ஓஎஸ் 11 வந்தபோது, பழைய எஸ்டிகேயால் (நிரல் கட்டும் கருவித் தொகுப்பால்) கட்டப்பட்ட நிரல்களுக்கு அது தன்னை 10.16 என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. பதிப்பு 10இல்தான் தொடங்கும் என்று நம்பியிருந்த நிரல்கள் உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. விண்டோஸ் 11இன் உள் பதிப்பெண் இன்னும் 10.0 என்றே தொடங்குகிறது. பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) எல்லாமே லினக்ஸ் என்று சொல்லும்; கெர்னல் வெளியீட்டுச் சரத்தில் மட்டும் மைக்ரோசாஃப்ட் என்ற பெயர் தென்படும். முதல் தலைமுறையில் அது பெரிய எழுத்தோடும் இரண்டாம் தலைமுறையில் சிறிய எழுத்தோடும் வரும். எழுத்தளவைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுகிறீர்களா என்பதற்கு இரண்டு சரங்களையும் சோதனையில் வையுங்கள். கன்டெய்னருக்குள் கெர்னல் பதிப்பு வெளியே இருக்கும் கணினியுடையது, ஓஎஸ்-ரிலீஸ் கோப்போ படிமத்துடையது. இரண்டும் ஒரே வழங்கலைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடக் கூடாது.

இவை ஒவ்வொன்றும் ஒரு சோதனை வரி. பயனரிடமிருந்து வரும் பிழை அறிக்கையில் இப்படி ஒரு மதிப்பைப் பார்த்தால், நிரலைத் திருத்துவதற்கு முன் அந்த மதிப்பைச் சோதனைத் தரவில் சேர்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் அந்தத் தரவுத் தொகுப்பு நிரலைவிட மதிப்பு மிக்கதாக ஆகும்.

‘விண்டோஸில் மட்டும் ஓட்டு’ என்று சோதனையைத் தவிர்ப்பது சரியா?

சரிதான். ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும் நிரலை லினக்ஸில் சோதிப்பதாக நடிப்பதைவிட ஸ்கிப்இஃப் போடுவது நேர்மையானது. காரணத்தை மட்டும் தெளிவாக எழுதுங்கள். ஆபத்து வேறு இடத்தில்: எல்லாக் கணினியிலும் தவிர்க்கப்படும் சோதனை யார் கண்ணிலும் படாது. நிபந்தனையில் ‘வின்32’ என்பதற்குப் பதில் ‘விண்டோஸ்’ என்று எழுதிவிட்டால் அந்தச் சோதனை உலகில் எங்குமே ஓடாது, அறிக்கையோ தோல்வியே இல்லை என்று சொல்லும். பைடெஸ்டை ஆர்எஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டினால் தவிர்க்கப்பட்டவையும் காரணங்களும் தெரியும். ஒவ்வொரு தளத்திலும் அந்தப் பட்டியலை அவ்வப்போது படித்துப் பாருங்கள்.

சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவை) மூன்று தளங்களிலும் ஓட்டுகிறோம். பிறகு போலி மதிப்புகள் எதற்கு?

இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. சிஐயில் கிடைப்பது சில குறிப்பிட்ட கணினிகள் மட்டுமே; அங்கே ஆர்ச் லினக்ஸோ ரொசெட்டாவோ பழைய டபிள்யூஎஸ்எல்லோ இருக்காது. அந்த மூலைகளைத் தரவு கொண்டு சோதிக்கிறோம். மறுபுறம், நாம் சேகரித்த தரவு இன்றைய உண்மையோடு பொருந்துகிறதா என்பதை சிஐதான் சொல்ல முடியும். அதற்கு ஒரு சிறு சோதனை போதும்: கேட்கும் ஃபங்ஷனை எந்த மாக்கும் இல்லாமல் ஓட்டி, சிஐ தன் சூழல் மாறியில் சொல்லும் தளத்தோடு விடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எதிர்பார்க்கும் விடை நிரலுக்கு வெளியிலிருந்து வருவது இங்கே முக்கியம். சிஸ்.பிளாட்ஃபார்மிலிருந்து எடுத்த விடையைச் சிஸ்.பிளாட்ஃபார்மோடே ஒப்பிட்டால் எதுவும் சோதிக்கப்படவில்லை.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பதிப்புப் பட்டியல் எழுதும்போது 3.10க்கு மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் யாம்ல் (அந்தப் பட்டியல் எழுதப்படும் கோப்பு வடிவம்) அதை எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும். மேலும் ஒரு தளத்தில் தோற்றவுடன் மற்றத் தளங்களின் ஓட்டத்தை நிறுத்திவிடுவது அங்கே இயல்பான அமைப்பு. தளம் சார்ந்த பிழையைத் தேடும்போது அதை அணைத்து வையுங்கள். எங்கே தோற்கிறது, எங்கே தேறுகிறது என்ற ஒப்பீடுதான் பிழையின் காரணத்தைக் காட்டும்.

கவரேஜ் அளவு (சோதனைகள் தொட்ட வரிகளின் விகிதம்) ஒவ்வொரு தளத்திலும் குறைவாகக் காட்டுகிறதே?

ஒவ்வொரு தளத்தின் கவரேஜ் கோப்பையும் சேமித்து, கடைசியில் கம்பைன் கட்டளையால் ஒன்றாக்குங்கள். விண்டோஸின் பாதைகளும் லினக்ஸின் பாதைகளும் ஒரே கோப்பைக் குறிக்கின்றன என்று அமைப்பில் சொல்லிவைக்க வேண்டும். தளம் சார்ந்த கிளைகளை எல்லாம் ‘கணக்கில் எடுக்காதே’ என்று குறித்துவிடுவது எளிது, ஆனால் சோதனை அதிகம் தேவைப்படும் வரிகளே அவைதான்.

டைப் சரிபார்ப்பான் ஏதாவது உதவுமா?

உதவும். நிரலை ஓட்டாமலே மதிப்புகளின் வகைகளைச் சரிபார்க்கும் மைபை என்ற கருவி, சிஸ்.பிளாட்ஃபார்ம், சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ ஆகியவற்றின் ஒப்பீடுகளைப் புரிந்துகொள்கிறது. பிளாட்ஃபார்ம் என்ற விருப்பத்தைக் கொடுத்து லினக்ஸிலிருந்தே விண்டோஸ் கிளையைச் சரிபார்க்கலாம். கொடுக்காவிட்டால் மற்றத் தளத்தின் கிளையை அது பார்க்காமலே கடந்துவிடும். பிளாட்ஃபார்ம்.சிஸ்டத்தை வைத்துப் பிரித்த கிளைகளுக்கு இந்த வசதி இல்லை.

பழைய திட்டத்தில் இந்தச் சரிபார்ப்புகள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

சிஸ்.பிளாட்ஃபார்ம், ஓஎஸ்.நேம், பிளாட்ஃபார்ம், வெர்ஷன் ஆகிய சொற்களை நிரல் முழுவதும் தேடி ஒரு பட்டியல் எடுங்கள். அதில் ‘வின்’ என்ற துண்டைத் தேடும் வரிகளையும், பதிப்பைச் சரமாக ஒப்பிடும் வரிகளையும் உடனே திருத்துங்கள். இவை ஏற்கெனவே யாருக்கோ தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கும். பிறகு, ஆதரிக்கும் ஒவ்வொரு தளத்திலும் ஓடி எல்லா மதிப்புகளையும் ஜேசானாக அச்சிடும் ஒரு சிறு நிரல் எழுதி, அதை சிஐயில் ஒருமுறை ஓட்டி விடைகளைச் சேமியுங்கள். அதுதான் உங்கள் முதல் சோதனைத் தரவு.

அதன்பின் முடிவெடுக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த பிழை அறிக்கை எந்த ஃபங்ஷனைக் காட்டுகிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள். அறிக்கையில் உள்ள மதிப்புகளே அதன் முதல் சோதனையின் உள்ளீடு.